மறதிக்கு இரத்தத்தில் சான்று

மூளையின் வேலையை நேரடியாக அளந்து சொல்லும் வேதிப்பொருள் எதுவும் கிடையாது. நினைவு, கவனம், மொழி, கணக்கு, திசையறிவு ஆகியவற்றைக் கேள்வி கேட்டும், கடிகாரம் வரையச் சொல்லியும், சற்று முன் சொன்ன சொற்களைத் திரும்பச் சொல்லவைத்தும்தான் அளக்க வேண்டும். ஆனால் அந்த வேலை ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு இரத்தத்திலும் சிறுநீரிலும் மூளைத் தண்டுவட நீரிலும் விடை கிடைப்பதுண்டு. அவ்வாறு விடை தரும் பொருள்களே அறிதிறன் குறைபாட்டின் உயிர்வேதிக் குறிப்பான்கள்.

இவற்றில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் குறிப்பானே நஞ்சாகவோ பற்றாக்குறையாகவோ இருந்து மூளையைக் கெடுக்கிறது; அதன் அளவைச் சரிசெய்தால் மனிதர் தேறுவார். மற்றொன்றில் குறிப்பான் வெறும் தடயம். கேடு நடந்ததைச் சொல்லும், கேட்டைச் செய்தது அதுவன்று. தடயத்தைக் காரணமென்று எண்ணி அதைத் துடைத்தெடுக்க முயல்வதில் ஆண்டுகளும் பணமும் போயிருக்கின்றன. காரணத்தைத் தடயமென்று அலட்சியப்படுத்தியதில் பிள்ளைகளின் வாழ்க்கை போயிருக்கிறது. ஒரு குறிப்பான் எந்த இனம் என்று தெரிந்த பிறகே அதன் எண்ணுக்குப் பொருள் உண்டு.

இத்துறையின் முதல் பெரிய வெற்றி குழந்தைகளிடம் கிடைத்தது. 1934ஆம் ஆண்டு நார்வேயின் ஓஸ்லோ நகரில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் ஒரு தாய் தம் இரு பிள்ளைகளை அழைத்துவந்தார். பிறந்தபோது நலமாக இருந்த இருவரும் வளர வளர மனவளர்ச்சி குன்றிப்போனவர்கள். பிள்ளைகளிடம் ஒரு முடைநாற்றம் வீசுவதை அந்தத் தாய் கவனித்திருந்தார். பல மருத்துவர்களைப் பார்த்தும் அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஃபோலிங் வேதியியலும் முறையாகப் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். கீட்டோன் இருந்தால் செம்பழுப்பு நிறம் வரும் சோதனை அது. இங்கோ கரும்பச்சை தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சேகரித்துப் பிரித்தெடுத்ததில் அந்த நிறத்துக்குக் காரணம் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று தெரிந்தது. பின்னர் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் மேலும் 8 பேரிடம் அதே பச்சை வந்தது. மனவளர்ச்சிக் குறைவு என்று ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு நோய் முதன்முறையாக வேதியியலால் பிரித்தெடுக்கப்பட்டது.

ஃபீனைல்கீட்டோன்யூரியா எனப்படும் இந்நோயில், ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி வேலை செய்வதில்லை. பாலோ பருப்போ முட்டையோ, எந்தப் புரதம் உண்டாலும் அதிலுள்ள ஃபீனைல்அலனைன் இரத்தத்தில் தேங்குகிறது. டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 20 மில்லிகிராமைத் தாண்டிவிடும். பெரிய அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிச்செல்லும் கடத்திப் புரதத்தின் இடங்களை அது பிடித்துக்கொள்வதால், டைரோசினும் டிரிப்டோஃபேனும் போதிய அளவு உள்ளே நுழைய முடிவதில்லை. டோபமினும் செரடோனினும் உண்டாக மூலப்பொருள் இவைதாம். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையும் ஒழுங்காக அமைவதில்லை.

அந்த அமினோ அமிலமே குற்றவாளி என்பதை 1953இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கலும் உடன் பணியாற்றியவர்களும் நிறுவினார்கள். ஃபீனைல்அலனைன் குறைத்த உணவு ஒரு சிறுமிக்குக் கொடுக்கப்பட்டது. நிற்கவும் நடக்கவும் முடியாமல் கிடந்த அவள் தவழவும் நிற்கவும் தொடங்கினாள். பிறகு தாய்க்குச் சொல்லாமலே உணவில் ஃபீனைல்அலனைன் மீண்டும் சேர்க்கப்பட்டது. சில நாள்களில் சிறுமி பழைய நிலைக்குச் சரிந்தாள். இன்றைய நெறிமுறைகள் அனுமதிக்காத சோதனை அது. ஆனால் அளவை ஏற்றினால் கேடு, இறக்கினால் தேற்றம் என்று இவ்வளவு துலக்கமாகக் காட்டப்பட்ட குறிப்பான் இத்துறையில் வேறு அரிது.

சிறுநீரில் பச்சை நிறம் தோன்றுவதற்குள் பிறந்து சில வாரங்கள் ஆகிவிடும்; மூளைச் சேதமும் தொடங்கிவிடும். இந்தக் குறையைப் போக்கியவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் கத்ரி. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதிலிருந்து சிறு வட்டத்தை வெட்டி, ஒரு தடைப்பொருளால் வளர்ச்சி நிறுத்தப்பட்ட பாக்டீரியா படுகையின்மேல் வைத்தார். இரத்தத்தில் ஃபீனைல்அலனைன் மிகுந்திருந்தால் தடை உடைந்து, வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளரும். 1963இல் வெளியான இந்த முறைக்குச் செலவு மிகக் குறைவு. உலர்ந்த தாளைத் தபாலில் அனுப்பலாம். இன்று உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யப்படும் குதிகால் இரத்தச் சோதனைகள் யாவும் அந்த வடிதாளின் வழிவந்தவை.

அந்தச் சோதனைகளில் இந்தியாவுக்கு மிக வேண்டியது தைராய்டுச் சோதனை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை பார்வைக்கு நலமாகவே பிறக்கும். தாயின் ஹார்மோன் சில நாள் காப்பாற்றும். பிறகு மூளை வளர்ச்சி தடைபடும். பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். அளவு ஏறியிருப்பதைக் கண்டு, முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மேலைநாடுகளில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்லப்பட்டுவந்த இக்குறை, இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் பிறப்புக்கு ஒன்று என்ற விகிதத்தில் காணப்படுகிறது. மாத்திரை சில காசு. அறிதிறன் குறைவைத் தடுக்கும் மருத்துவத்தில் இதைவிட மலிவான வெற்றியைத் தேடினாலும் கிடைக்காது. அப்படியிருந்தும் இந்தச் சோதனை நடக்காமல் வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் நாட்டில் இன்னும் ஏராளம்.

ஈயமும் காரண இனத்தைச் சேர்ந்த குறிப்பானே. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டனை அடுத்த ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். நோயென்று சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளைகளிடையேகூட, பல்லில் ஈயம் மிகுந்தவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவலைக்குரியது என்று வகுத்த இரத்த ஈய அளவு 1991இல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2012இல் 5, 2021இல் 3.5. தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பெயின்ட், பேட்டரி உருக்கும் பட்டறைகள், நிறமேற்றிய மசாலாத் தூள் ஆகிய வழிகள் தொடர்கின்றன.

பெரியவர்களிடம் காரண இனத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வைட்டமின் பி12. இது குறைந்தால் இரத்தசோகை வரும் என்பது பலரும் அறிந்தது. இரத்தசோகை வராமலே மூளையும் நரம்பும் கெடலாம் என்பதை 1988இல் ஜான் லிண்டன்பாம் குழுவினர் காட்டினர். பி12 குறைவால் நரம்பு, மனநலக் கோளாறு கொண்ட 141 பேரில் 40 பேருக்கு இரத்தசோகையோ பெருத்த சிவப்பணுக்களோ இல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, ஆகவே வைட்டமின் குறைவு இல்லை என்று முடிவுசெய்வது இவர்களைக் கைவிடுவதாகும். ஃபோலிக் அமில மாத்திரையைத் தனியே கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: இரத்தம் தேறும், நரம்புச் சேதம் மறைவில் வளரும்.

பி12இன் அளவு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே போனால் குறைவு தெளிவு. 200க்கும் 300க்கும் இடைப்பட்டது ஐயத்துக்குரிய எல்லை. அங்கே உதவுவது மெத்தில்மலோனிக் அமிலம். பி12 இல்லாமல் உயிரணுவுக்குள் ஒரு வேதிவினை நின்றுபோவதால் தேங்கும் பொருள் அது. வைட்டமின் இரத்தத்தில் இருக்கிறதா என்பதைவிட, உயிரணுவுக்குள் வேலை செய்கிறதா என்று சொல்வதால் மேலான சான்று. சிறுநீரகம் கெட்டவர்களிடம் இதுவும் ஏறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பி12 குறைவுக்கு ஆளாகக்கூடியவர்கள் சைவ உணவினர் மட்டுமல்லர். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டு மெட்ஃபார்மின் உண்பவர்களும், வயிற்று எரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்களும் இந்த வரிசையில் சேர்கிறார்கள். வயதானவருக்கு மறதி, கால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்திருந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பி12.

தைராய்டு குறைவும் முதியவரை மந்தமாக்கும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி உண்ணும் முதியவரிடம் அது 120க்குக் கீழே போனால், நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்வார். கல்லீரல் சுருங்கியவர்களின் குழப்பத்தில் அமோனியா, தாழ்ந்த சர்க்கரை, ஏறிய கால்சியம், மதுவுக்கு அடிமையானவர்களிடம் தையமின் குறைவு, பழைய சிஃபிலிஸ் தொற்று ஆகியவையும் பார்க்கத்தக்கவை. இவற்றைப் பற்றிப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி வருவதில்லை. ஆனால் திருத்தினால் மனிதர் திரும்பிவரக்கூடிய நிலைகள் பெரும்பாலும் இந்தப் பழைய, மலிவான பட்டியலில்தான் இருக்கின்றன.

காரணம் போலத் தோன்றி ஏமாற்றிய குறிப்பானும் உண்டு. பி12, ஃபோலிக் அமிலம், பி6 ஆகியவை குறையும்போது இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊர் மக்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு, லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் ஹோமோசிஸ்டீன் உள்ளவர்களுக்கு அல்சைமர் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2002இல் சொன்னது. எனில் வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தால் மறதியைத் தடுக்கலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். எண் இறங்கியது. 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை 2014இல் ஒருசேரப் பார்த்தபோது, அறிதிறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2010இல் வெளியான ஒரு சோதனை மட்டும் சிறிது நம்பிக்கை தந்தது: லேசான நினைவுக் குறைவு உள்ளவர்களில் வைட்டமின் பெற்றோரின் மூளை ஆண்டுக்கு 0.76 விழுக்காடும், பெறாதோரின் மூளை 1.08 விழுக்காடும் சுருங்கியது. தொடக்கத்திலேயே ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களுக்குத்தான் பயன் கூடுதல். குறையுள்ளவருக்குக் கொடுத்தால் பயன் உண்டு, எல்லோருக்கும் கொடுத்தால் இல்லை என்று கொள்வதே இப்போதைக்கு நியாயம்.

இனி அல்சைமர் நோய். 1906 நவம்பரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு நோயாளியின் மூளையைப் பற்றிப் பேசினார். ஐம்பது வயதையொட்டி நினைவிழந்து ஐந்தாண்டுகளுக்குள் இறந்துபோன பெண் அவர். வெள்ளிச் சாயம் ஏற்றிய மூளைத் துணுக்கில், உயிரணுக்களுக்கு வெளியே படிந்த படலங்களும் உள்ளே முறுக்கிய இழைச் சிக்கல்களும் தெரிந்தன. அதன்பின் எண்பதாண்டுக்கும் மேலாக அந்நோயை உறுதிசெய்ய ஒரே வழி, இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பது.

படலத்தின் வேதியியல் 1984இல் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் கிளெனரும் கெய்ன் வாங்கும் மூளை உறையின் இரத்தக் குழாய்களில் படிந்த பொருளைப் பிரித்து, அது ஒரு சிறு புரதத் துண்டு என்று கண்டனர். டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் மூளையிலும் அதே துண்டு இருந்தது. அவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதால், இந்தப் புரதத்தின் மரபணு அதே குரோமோசோமில் இருக்க வேண்டும் என்று கிளெனர் கணித்தார். 1987இல் அது உறுதியாயிற்று. அமிலாய்டு படிவுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கிளெனர், வேறொரு வகை அமிலாய்டு இதயத்தில் படிந்து இறந்தார்.

நரம்பணுவின் சவ்வில் உள்ள பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது இந்தப் பீட்டா அமிலாய்டு துண்டு விழுகிறது. இரண்டாம் வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத் துண்டில் 40 அமினோ அமிலங்களோ 42 அமினோ அமிலங்களோ இருக்கும். 42 உள்ளது ஒட்டும் தன்மை மிக்கது. இழைச் சிக்கலில் இருப்பது டௌ புரதம். நரம்பிழைக்குள் உள்ள நுண்குழல்களைத் தாங்கி நிற்பது அதன் வழக்கமான வேலை. அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறினால் அது நுண்குழலை விட்டுக் கழன்று தனக்குள் முறுக்கிக்கொள்கிறது.

1990களில் மூளைத் தண்டுவட நீரில் இவற்றை அளக்கத் தொடங்கியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அல்சைமர் நோயாளிகளின் நீரில் டௌ ஏறியிருந்தது, எதிர்பார்த்தபடியே. 42 அமிலாய்டோ குறைந்திருந்தது. அது மூளையில் படலமாகப் படிந்துவிடுவதால் நீரில் மிதப்பது குறைகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆளுக்கு ஆள் அமிலாய்டு உற்பத்தி மாறுவதால், 42ஐ 40ஆல் வகுத்துப் பார்ப்பதே நம்பகமான முறையானது. ஒரு நடைமுறைச் சிக்கலும் இதில் உண்டு. அமிலாய்டு கண்ணாடியிலும் சிலவகைப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். தவறான குழாயில் எடுத்த மாதிரி நலமுள்ளவரையும் நோயாளியாகக் காட்டிவிடும். பாலிபுரொப்பிலீன் குழாயை வற்புறுத்துவது அதனால்தான்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க எல்லோரும் இணங்க மாட்டார்கள். 2004இல் அறிவிக்கப்பட்ட பிட்ஸ்பர்க் சேர்மம் உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டைப் பெட் ஸ்கேன் வழியாகக் காட்டியது. ஆனால் செலவு மிகுதி, கருவி உள்ள ஊர்கள் குறைவு. இரத்தத்தில் அளப்பதோ நெடுநாள் கைகூடவில்லை. மூளையிலிருந்து இரத்தத்துக்கு வந்து சேரும் புரதம் மிகச் சொற்பம். சிலவற்றின் அளவு மில்லிலிட்டருக்கு ஒரு பிக்கோகிராமுக்கும் கீழே. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் நுட்பம் வந்த பிறகே வழி திறந்தது. நுண்மணிகளில் புரதத்தைப் பிடித்து, ஒரு மணிக்கு ஓர் அறை என்று லட்சக்கணக்கான நுண்ணறைகளில் இறக்கி, எத்தனை அறை ஒளிர்கிறது என்று எண்ணும் முறை அது.

அப்போது முன்னுக்கு வந்தது பாஸ்போ டௌ 217. டௌ புரதத்தின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவம். 2020இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில் 1,402 பேர் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் கொலம்பியாவின் ஆண்டியோகியா மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே சில குடும்பங்களில் ப்ரிசெனிலின் மரபணுவின் ஒரு பிழை தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அது வாய்த்தவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே நினைவு தடுமாறத் தொடங்கும். இந்தக் குடும்பங்களைப் பல்லாண்டுகளாகத் தேடித் தொகுத்தவர் பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர். பிழை உள்ளவர்களின் இரத்தத்தில் பாஸ்போ டௌ 217 ஏறத்தாழ 25 வயதிலேயே, அதாவது அறிகுறிக்கு 20 ஆண்டுகள் முன்பே, ஏறத் தொடங்கியிருந்தது.

2024இல் சுவீடனிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. நினைவுக் குறைவு என்று மருத்துவரிடம் வந்த 1,213 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. சோதனை இல்லாமல் முடிவு சொன்னபோது பொதுமருத்துவர்கள் 61 விழுக்காடும், மறதிநோய் வல்லுநர்கள் 73 விழுக்காடும் சரியாகச் சொன்னார்கள். இரத்தச் சோதனை ஏறத்தாழ 91 விழுக்காடு சரியாகச் சொன்னது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக இத்தகைய இரத்தச் சோதனை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. பாஸ்போ டௌ 217ஐ 42 அமிலாய்டால் வகுத்துக் காணும் விகிதம் அது. அனுமதி, நினைவுக் குறைவின் அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும். அந்த நிபந்தனைதான் சோதனையைவிட முக்கியமானது.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நோய் உள்ளவரில் 90 விழுக்காட்டினரையும், இல்லாதவரில் 90 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். மறதிநோய் மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருந்தால், சோதனை 450 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் நோயாளி என்று சொல்லும். இதையே, 1,000 பேரில் 50 பேருக்கு மட்டும் நோயுள்ள பொதுமக்களிடம் செய்தால் 45 பேரைச் சரியாகவும் 95 பேரைத் தவறாகவும் நோயாளி என்று சொல்லும். நோய் உண்டு என்ற அறிக்கையைக் கையில் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வீணாகக் கலங்குவார்கள். சோதனை ஒன்றே, கேட்கப்பட்ட இடம் வேறு. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதைச் சேர்த்து விற்க வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

சிறுநீரகம் கெட்டவர்களிடம் பாஸ்போ டௌ நோயில்லாமலே ஏறும். சர்க்கரையும் அழுத்தமும் மிகுந்த நம் முதியவர்களிடம் இது சிறிய விஷயமன்று. சோதனைக்கு உட்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் எண் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத இடைவெளியில் விழும்.

மற்றக் குறிப்பான்கள் தெளிவாகவே தடய இனம். நரம்பிழை சிதையும்போது அதன் சட்டகத்திலிருந்து வெளியேறும் நியூரோஃபிலமெண்ட் லேசான சங்கிலி இரத்தத்தில் ஏறும். அல்சைமர், பக்கவாதம், நெற்றிப்பொட்டு மடல் சார்ந்த மறதிநோய், தலையில் அடி, எதுவானாலும் ஏறும். வயது கூடினாலே ஏறும். சிதைவின் வேகத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம், நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்கள் கிளர்ச்சியுறுவதைக் காட்டும். தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று தீர்மானிக்க இதையும் யு.சி.எச்.எல்.1 என்ற மற்றொன்றையும் சேர்த்து அளக்க 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பார்க்கின்சன் நோயிலும் லூவி உடல் மறதிநோயிலும் மடிப்புக் கெட்ட ஆல்ஃபா சைனுக்ளியின் என்ற புரதம் சேர்கிறது. அதன் அளவைவிட இயல்பே சான்று. நோயாளியின் தண்டுவட நீர் சில துளிகளை, நல்ல புரதம் உள்ள குழாயில் விட்டு, குலுக்கிக் குலுக்கி வைப்பார்கள். பாலில் உறைமோர் விட்டதுபோல, கெட்ட மடிப்பு இருந்தால் குழாயிலுள்ள நல்ல புரதமும் அதே மடிப்புக்கு மாறும். மாறியது சாயத்தில் ஒளிரும். மூளையை அரிக்கும் பிரியான் நோயைக் கண்டறிய வந்த முறை இது.

அறிதிறனை உயர்த்தும் குறிப்பான் என்று விளம்பரப்படுத்தப்படும் பி.டி.என்.எஃப். பற்றியும் ஒரு சொல். இரத்தத்தில் அளக்கப்படும் இப்புரதத்தின் பெரும்பகுதி இரத்தத் தட்டணுக்களிலிருந்து வருகிறது. குழாயில் இரத்தம் எவ்வளவு நேரம் உறைந்தது என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். ஒருவரின் அறிவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஏ.பி.ஓ.இ. மரபணுவின் 4ஆம் வகையோ அல்சைமர் வரும் ஆபத்தைச் சொல்லும், நிலையைச் சொல்லாது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள மறுத்துவிட்டார். மாற்ற முடியாததைத் தெரிந்துகொள்ளாதிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

இப்போது பழைய கேள்வி: அமிலாய்டு காரணமா, தடயமா? மரபணுப் பிழைகள் காரணமென்று சொல்கின்றன. ஆனால் அறிதிறன் நன்றாக உள்ளவர்களிடையே 50 வயதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும் 90 வயதில் 44 விழுக்காட்டினருக்கும் மூளையில் அமிலாய்டு இருக்கிறது. அவர்களில் பலர் மறதியைப் பார்க்காமலே காலமாவார்கள். 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனேமாப் மருந்து படலத்தைப் பெருமளவு கரைத்தது. 18 மாதத்தில் நோயின் சரிவு 27 விழுக்காடு மெதுவானது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. ஃபீனைல்அலனைனை இறக்கியதும் எழுந்து நின்ற சிறுமியோடு ஒப்பிட்டால், அமிலாய்டு தொடக்கக் காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம், நோய் முழுவதும் அதுவன்று என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வல்லுநர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. குறிப்பான் மட்டுமே இருந்தாலும் நோய் இருப்பதாகவே பொருள் என்று அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் அமைத்த குழு 2024இல் வரையறுத்தது. குறிப்பானோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய், இல்லையேல் அது ஆபத்து மட்டுமே என்பது பன்னாட்டு ஆய்வாளர் குழுவின் நிலை. ஆய்வுக்கூடத்துக்கு முதலாவது வசதி. ஆனால் நலமாக நடமாடும் அறுபது வயதுக்காரரை ஓர் எண்ணை வைத்து நோயாளி என்று எழுதிவிடுவதால் அவருக்கு மருந்து கிடைக்கப்போவதில்லை. கிடைப்பது பயம் மட்டுமே. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவதே சரி.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மறதி என்றால் முதலில் செய்ய வேண்டியவை அறிதிறன் சோதனை, உண்ணும் மருந்துகளின் பட்டியல், பி12, டி.எஸ்.எச்., சோடியம், சர்க்கரை, கால்சியம், சிறுநீரகச் சோதனை, மூளையின் ஸ்கேன். இவை விடை தராதபோது, விடையால் சிகிச்சை மாறும் என்றால் மட்டும் பாஸ்போ டௌ 217. மறதியே இல்லாதவர் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள இன்றைய நிலையில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.